கண்டதும் கருதியதும் சொன்னதும்

“தெருவெளக்கு எரிஞ்சுதாம்மா?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“எரிஞ்சுதுங்க.”

“டியூப்லைட்டா, குண்டு பல்பா?”

கூண்டில் நின்ற அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. கொலை நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தவர், “நல்லா வெளிச்சமா இருந்துதுங்க” என்றார்.

“அத நான் கேக்கல. டியூப்லைட்டா, பல்பா?”

“பல்புங்க.”

அந்தக் கம்பத்தில் இருந்தது டியூப்லைட் என்று மின்வாரிய ஊழியர் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வக்கீல் அதோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். பின்வரிசை பெஞ்சில் இருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த அம்மா பார்த்தது பார்த்ததுதான் என்று என் மனம் அடித்துச் சொன்னது. அந்த அறையில் என் மனத்துக்கு எந்த எடையும் கிடையாது.

அன்றிலிருந்து கொலை வழக்குகளை நான் படிக்கும் விதம் மாறிவிட்டது. யார் கொன்றார்கள் என்பதற்கு முன்னால், அது எப்படித் தெரிய வந்தது, தெரிந்ததை யார் யார் கை மாற்றி நீதிமன்றம் வரை கொண்டுவந்தார்கள் என்று தேடத் தொடங்கினேன். அப்படித் தேடியபோது வெளியூருக்கெல்லாம் அதிகம் போக வேண்டியிருக்கவில்லை. இந்தியா முழுக்கப் பேசப்பட்ட இரண்டு வழக்குகள் எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே நடந்தவை. ஒன்றில் கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. இன்னொன்றில் பார்த்தவர்கள் ஊரளவு. சொல்ல வந்தவர்களோ குறைவு.

எங்கள் ஊர் பெண்ணாடத்துக்கு இந்தக் கேள்வியில் ஒரு பழைய உரிமை இருக்கிறது. தூங்கானை மாடக் கோயிலால் தேவாரத்தில் இடம்பெற்ற ஊர் என்பது பலருக்கும் தெரியும். 13ஆம் நூற்றாண்டில் அச்சுதக் களப்பாளருக்கு மகனாக மெய்கண்டார் பிறந்ததும் இங்கேதான். அவருடைய மாணவர் திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார். திருத்துறையூரும் இதே மாவட்டத்தில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. குருவின் சிவஞானபோதத்தை விரித்துச் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தியார், இறைவனைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்கு முன்னால் வேறொரு கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்: ஒன்றை உண்மை என்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்? அதற்குப் பெயர் அளவை. பலரும் அளவைகளைப் பத்து வரை எண்ணியிருந்தார்கள். அவர் எல்லாவற்றையும் மூன்றுக்குள் அடக்கினார்: காண்டல், கருதல், உரை. நேரில் காண்பது ஒன்று. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று உய்த்துணர்வது ஒன்று. நம்பத் தகுந்தவர் சொல்வதை ஏற்பது ஒன்று. காண்டலிலும் ஐயம் கலந்தது உண்டு, திரிந்தது உண்டு, குற்றம் நீங்கியது உண்டு என்று பிரித்து வைத்தார்கள். கயிற்றைப் பாம்பாகக் கண்டவனும் கண்டவன்தானே. டியூப்லைட்டைப் பல்பாகச் சொன்னவரை அவர்கள் எந்த வகையில் வைத்திருப்பார்கள் என்று அன்று பேருந்தில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

தத்துவத்தை விட்டு வழக்குக்கே வந்தாலும் இந்தப் பகுதிக்கு ஒரு முன்கதை உண்டு. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தை வந்து தடுக்கிறார் ஒரு கிழவர். இவன் என் அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். கோபத்தில் சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் கேட்பது மூன்று: இப்படி ஒரு நடைமுறை வழக்கத்தில் உண்டா, எழுத்து உண்டா, பக்கத்தில் இருந்து பார்த்தவர் உண்டா? கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். சபையார் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். வழக்காட வந்தவர் சிவபெருமான். அவருக்கும் ஆவண ஒப்பீடு இல்லாமல் தீர்ப்புக் கிடைக்கவில்லை. சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். வழக்கு மன்றம் எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். மூலம், படி என்ற அந்த வேறுபாடு இன்றைக்குக் கேமராப் பதிவு வரை வந்து நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிதம்பரம். 1996 நவம்பர் 6. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசை அன்றைக்குப் பிறகு காணவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் பொன்னுசாமியின் மகன். தீபாவளிக்கு வீட்டுக்கு வர வேண்டியவர் வரவில்லை. நவம்பர் 7ஆம் தேதி சென்னை மந்தைவெளியில் மாநகரப் பேருந்து ஒன்றில் தலையும் கைகால்களும் இல்லாத ஓர் உடல் கிடைத்தது. சிதம்பரத்தில் காணாமல்போன ஒருவருக்கும் மந்தைவெளியில் கிடைத்த பெயரற்ற உடலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகு பல்கலைக்கழக வளாகத்து நீர்நிலையிலிருந்து தலை எடுக்கப்பட்டது. மரக்காணம் பக்கத்துக் கடற்கரையில் கைகால் எலும்புகள் கிடைத்தன. மூத்த மாணவரான ஜான் டேவிட் மீது வழக்குப் பதிவானது. ராகிங்கின்போது நடந்த கொலை என்றது அரசுத் தரப்பு.

யாரும் பார்க்கவில்லை. அருணந்தியார் கணக்கில் இது முழுக்க முழுக்கக் கருதல் அளவையின் வழக்கு. இப்படிப்பட்ட வழக்கில் நீதிமன்றம் கேட்பவை என்ன என்பதை 1984இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முதலில் தனித்தனியாக மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவை குற்றம் சாட்டப்பட்டவரை மட்டுமே சுட்ட வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது. எல்லாம் சேர்ந்து அறுபடாத சங்கிலியாக நிற்க வேண்டும். புகை இருக்கிறது என்பதே ஐயமாக இருந்தால் நெருப்பைப் பற்றிப் பேசவே முடியாது.

நாவரசு வழக்கில் முதல் கண்ணி, மூன்று இடத்தில் கிடைத்தது ஒரே உடல்தானா என்பது. தலையிலிருந்தும் உடலிலிருந்தும் கைகாலிலிருந்தும் எடுத்த தசைத் திசுக்கள் ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்துக்குப் போயின. பெற்றோரின் ரத்தத்தோடு ஒப்பிட்டு, இவை ஒரே ஆணுடையவை, இவர்களுடைய மகனுடையவை என்று டிஎன்ஏ ஆய்வு சொன்னது. மண்டையோட்டின் மேல் நாவரசின் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் சோதனையும் நடந்தது. இன்று டிஎன்ஏ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று நம் நீதிமன்றங்களுக்கு அது புதிது. தன் மகன்தான் என்று நிரூபிக்க ஒரு தகப்பன் கை நீட்டி ரத்தம் கொடுத்த காட்சி, அந்த வழக்கைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்குள் வந்து நின்றுவிடுகிறது.

1998 மார்ச்சில் கடலூர் அமர்வு நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2001 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது: சங்கிலி முழுமையாகவில்லை. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை மீட்டது: சங்கிலி முழுமையாக இருக்கிறது. ஒரே சாட்சிகள், ஒரே ஆவணங்கள், மூன்று நீதிமன்றங்கள். இதைப் படிக்கும்போது பலருக்குச் சட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூழ்நிலைச் சாட்சியத்தை நிறுப்பவர் ஒவ்வொரு கண்ணியையும் தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் இழுப்பில் தளர்ந்தது இன்னொருவர் இழுப்பில் தாங்கலாம். அதனால்தான் மேல்முறையீடு என்ற ஏற்பாடே இருக்கிறது. மனம் ஒப்பாத இடம் வேறு: அந்தக் குடும்பம் காத்திருந்த 15 ஆண்டுகள். வழக்கின் மிச்சமாக ஒரு நன்மை நடந்தது. அந்தக் கொலையை ஒட்டித் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது.

இங்கே ஓர் இடைச்செருகல். கொலை வழக்குச் செய்திகளில் நாம் அதிகம் ஏமாறுவது ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற சொல்லில். கைதான மறுநாளே பத்திரிகையில் அது முழுப் பத்தியாக வந்துவிடும்: எப்படித் திட்டமிட்டார், எங்கே கத்தி வாங்கினார், என்ன சொல்லிக் குத்தினார். காலை டீயோடு அதைப் படித்து முடிக்கும்போது வழக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றும். நீதிமன்றத்தில் அந்தப் பத்திக்கு அநேகமாக மதிப்பில்லை. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் தன் 23ஆம் பிரிவில் அதையே சொல்கிறது. அடித்து வாங்கியதா, கேட்டு வாங்கியதா என்று யாராலும் நிச்சயிக்க முடியாது என்பதுதான் காரணம். விலக்கு ஒன்றே ஒன்று. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் புதிதாகக் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராகத் தொடர்புள்ள சொற்கள் மட்டும் ஏற்கப்படும். எந்த அளவு ஏற்கலாம் என்பதைக் குண்டூர்ப் பகுதி வழக்கான புலுகுரி கோட்டய்யா வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரையறுத்தது. ‘கத்தியை முள்ளுக்காட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்’ என்பது நிற்கும். ‘அதால்தான் குத்தினேன்’ என்பது அடிபட்டுப்போகும்.

அந்தக் கத்தியை எடுக்கும்போது கூட நிற்பவர்கள் நம் ஊர்ப்புறத்தில் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும்தான். கைப்பற்றியதை எழுதும் மகசரில் அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். நான்கைந்து வருடம் கழித்துக் கூண்டில் ஏறி, எந்த மரம், எந்தத் திசை, எத்தனை மணி, பொட்டலத்துக்கு எங்கே சீல் வைத்தார்கள் என்றெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பொருள் படிவம் 95இல் ஏறி நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். எடுத்த தேதிக்கும் நீதிமன்றம் சேர்ந்த தேதிக்கும் இடையில் பத்து நாள் இருந்தால், அந்தப் பத்து நாளும் அது எங்கே இருந்தது என்று வக்கீல் கேட்பார். கேட்பது அவர் கடமை. முதல் தகவல் அறிக்கையும் அப்படித்தான். அது எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பதோடு, எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்று அவர் ஓரத்தில் குறித்து வைக்கும் நேரத்துக்கும் கனம் உண்டு. இடைப்பட்ட மணிநேரங்களில்தான் கதைகள் முளைக்கின்றன.

மணிநேரங்களில் கதை முளைக்கும் என்றால், ஒன்பது நாளில் என்ன முளைக்கும்?

பெண்ணாடத்திலிருந்து ரயிலில் அடுத்த பெரிய நிலையம் விருத்தாசலம். அதன் பக்கத்தில்தான் புதுக்கூரைப்பேட்டை. அந்தப் பகுதியைச் சேர்ந்த முருகேசன் வேதிப் பொறியியல் படித்தவர், தலித். கண்ணகி வணிகவியல் படித்தவர், வன்னியர். 2003 மே 5 அன்று கடலூர்ப் பதிவு அலுவலகத்தில் இருவரும் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். யாருக்கும் சொல்லாமல் அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். விஷயம் கசிந்தது. கண்ணகியை மூங்கில்துறைப்பட்டில் உறவினர் வீட்டில் தங்க வைத்திருந்தார் முருகேசன். ஜூலை 7ஆம் தேதி கண்ணகியின் வீட்டார் முருகேசனைப் பிடித்தார்கள். இடத்தைச் சொல்ல வைத்து அந்தப் பெண்ணையும் கொண்டுவந்தார்கள். 8ஆம் தேதி காலையில் இருவருக்கும் விஷம் புகட்டிக் கொன்று, உடல்களை எரித்துவிட்டார்கள். செய்தவர்களில் முதன்மையானவர் கண்ணகியின் அண்ணன்.

எரிக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். விஷம் கொடுத்த கொலையில் உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. உடலே சாம்பலாகிவிட்டால் அந்த வாசல் அடைபட்டுவிடுகிறது. மிஞ்சுவது பார்த்தவர்களின் வாய்ச்சொல். பார்த்தவர்கள் அதே ஊரில் குடியிருக்க வேண்டியவர்கள்.

முருகேசனின் தந்தை புகார் கொடுக்கப் போனார், போலீஸ் வாங்கவில்லை. ஜூலை 17 அன்று முதல் தகவல் அறிக்கை பதிவானபோது அதில் இருந்தது வேறு கதை. இரண்டு சாதிக் குடும்பத்தாரும் சேர்ந்து தங்கள் தங்கள் பிள்ளையைக் கொன்றதாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கதைப்படி, மகனைப் பறிகொடுத்தவர்கள் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆனார்கள். நான் படித்த கொலை வழக்குகளில் என்னை அதிகம் உலுக்கிய வரி எதுவென்றால், கொலையை விவரிக்கும் வரி அல்ல, இந்த அறிக்கைதான். நிறுப்பதற்கு முன்னாலேயே படிக்கல்லைக் குடைந்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த நீதிபதி தராசைத் தூக்கிப் பிடித்தாலும் அது சாய்ந்துதான் நிற்கும். நிமிர்த்த இன்னொரு கை வேண்டும்.

அந்தக் கை 2004இல் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வழக்கைச் சிபிஐக்கு மாற்றியது. அப்படியும் கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 செப்டம்பர் 24 ஆயிற்று. அரசுத் தரப்பில் விசாரிக்கப்பட்டவர்கள் 81 பேர். அவர்களில் 36 பேர் பிறழ் சாட்சிகள் ஆனார்கள். பார்த்தேன் என்று முன்பு சொன்னவர்கள், கூண்டில் ஏறிப் பார்க்கவில்லை என்றார்கள்.

எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. இரண்டு சட்டக் கருத்துகள் அதைத் தாங்கின என்று நினைக்கிறேன். ஒன்று, பிறழ் சாட்சி என்று அறிவித்ததாலேயே ஒருவருடைய சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போய்விடாது. பிற சான்றுகளோடு ஒத்துப்போகும் பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, உறவினர் சாட்சி என்பதால் பொய்ச் சாட்சி ஆகிவிடாது. பெற்ற தகப்பனும் வளர்த்த சிற்றன்னையும் அங்கே இல்லாமல் வேறு யார் இருப்பார்கள்? தன் பிள்ளையைக் கொன்ற உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு, சம்பந்தமில்லாதவரைக் காட்டிக்கொடுக்க அவர்களுக்கு என்ன காரணம்? கடலூர் நீதிமன்றம் 15 பேரில் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அண்ணனுக்கு மரண தண்டனை, மற்ற 12 பேருக்கு ஆயுள். அந்த 12 பேரில் இருவர் காவல்துறையினர். சம்பவத்தின்போது விருத்தாசலத்தில் பணியில் இருந்த உதவி ஆய்வாளரும் ஆய்வாளரும். 2022 ஜூன் 8 அன்று உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாக மாற்றியது. இருவரை விடுவித்தது, ஆய்வாளராக இருந்தவரின் தண்டனையை இரண்டு ஆண்டாகக் குறைத்தது, உதவி ஆய்வாளராக இருந்தவரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, முருகேசன் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

அந்த உதவி ஆய்வாளருக்கு ஆயுள் தண்டனை வந்தது விஷம் கொடுத்ததற்காக அல்ல. பட்டியல் சாதியினர் மீது மரண தண்டனைக் குற்றம் விழும்படி பொய்ச் சான்று உருவாக்கியதற்காக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சான்றைக் கெடுப்பது கொலைக்கு நிகரான குற்றமாக ஒரு தீர்ப்பில் நின்றது, நம் மாவட்ட நீதிமன்றத்தில்.

சாட்சிகளை எண்ணக் கூடாது, நிறுக்க வேண்டும் என்ற பேச்சைச் சட்டம் படித்தவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதற்கு மேற்கோள் காட்டப்படும் வழக்கும் நம் பக்கத்தது: 1957ஆம் ஆண்டு வடிவேலு தேவர் வழக்கு. முத்துப்பேட்டையில் நடந்த கொலையில் ஒரே ஒரு பெண்ணின் சாட்சியத்தை ஏற்று மரண தண்டனையை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், சாட்சிகளை மூன்றாகப் பிரித்தது. முழுக்க நம்பத் தக்கவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டும் இல்லாதவர். முதல் வகையில் ஒருவர் போதும். இரண்டாம் வகையில் நூறு பேரும் போதாது. கஷ்டமெல்லாம் மூன்றாம் வகையில்தான். அங்கே வேறொரு சான்றின் துணை வேண்டும். அருணந்தியாரின் குற்றமற்ற காட்சி, திரிபுக் காட்சி, ஐயக் காட்சி ஆகிய மூன்றையும் இந்த மூன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் எழுதியவர்கள் ஒரே கவலையோடு எழுதியிருக்கிறார்கள்.

டியூப்லைட் அம்மாவின் வழக்கில் தீர்ப்பு வந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீதிபதி அவரை நம்பியிருந்தார். வெளிச்சம் இருந்தது என்பதை மின்வாரிய ஊழியரே சொல்லிவிட்டார். விளக்கின் வகையை நான்கு வருடம் கழித்து ஒரு கிராமத்துப் பெண் மாற்றிச் சொன்னது இயல்பான மறதி, வழக்கின் அடித்தளத்தைத் தொடும் முரண் அல்ல என்று எழுதியிருந்தாராம். வக்கீல் பிடித்த அதே முரண் அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து அழைத்து வரவில்லை என்பதற்கும் சான்றாகிவிட்டது. சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சி டியூப்லைட் என்றே சொல்லியிருப்பார்.

இனி மூலமும் படியும். 2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோயிலில் அவரோடு இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ் சாட்சி ஆனார். பதிவில் இருப்பது தான் இல்லை என்றார். வழக்கு பெரிதும் கோயில் கேமராக்களின் மேல் வந்து நின்றது. ஆளின் வாய் மாறும், கேமரா மாறாது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேமராப் பதிவு நீதிமன்றத்துக்கு வருவது பெரும்பாலும் படியோலையாகத்தான். மூலம் எங்கோ ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கும்; வருவது நகல். இந்த நகல் அந்த மூலத்திலிருந்து முறையாக எடுக்கப்பட்டது, எடுத்த கருவி ஒழுங்காக இயங்கியது என்று பொறுப்பில் உள்ளவர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி, புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவு. அது கட்டாயம் என்று 2014இலும் 2020இலும் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூல ஓலையைக் கொண்டுவா என்று வெண்ணெய்நல்லூர்ச் சபையார் கேட்டதன் மறுபிறவியாகவே அதை நான் பார்க்கிறேன். கோகுல்ராஜ் வழக்கில் 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் விதித்த தண்டனையின் மேல்முறையீட்டைக் கேட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் இன்னொன்றும் செய்தார்கள். 2023 ஜனவரியில் திருச்செங்கோடு மலைக்கே போய், எந்தக் கேமரா எங்கே இருந்தது, எதிலிருந்து எது தெரியும் என்று நடந்து பார்த்தார்கள். அந்த ஜூனில் முக்கியக் குற்றவாளிகளின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணங்களைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு ஒருதலையாகிவிடும். தேனி மாவட்டம் சுருளி அருவியில் 2011இல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றிருந்தவரை 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. டிஎன்ஏ மாதிரிகள் எடுக்கப்பட்டதிலிருந்து ஆய்வகம் சேரும்வரை யார் வசம் இருந்தன என்பதில் ஓட்டைகள் இருந்தன. இனி மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்கும் வழிகாட்டியது அந்தத் தீர்ப்பு. நாவரசு வழக்கில் நின்ற அதே அறிவியல் இங்கே நிற்கவில்லை. கெட்டது அறிவியல் அல்ல, அது நடந்து வந்த பாதை.

மூன்று மாதத்தில் அடுத்தது வந்தது. சென்னைப் புறநகரில் 2017இல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு. மாநிலமே கொதித்தது. ஓராண்டைச் சற்றே தாண்டி, 2018 பிப்ரவரியில் மரண தண்டனை. அதே ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி. இத்தனை வேகம் என்று அன்று எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். 2025 அக்டோபர் 8 அன்று தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான் அவருக்கு வக்கீலே கொடுக்கப்பட்டிருந்தார். பெரிதாகப் பேசப்பட்ட கேமராப் பதிவு முறைப்படி நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவே இல்லை. டிஎன்ஏ அறிக்கையையும் நம்ப முடியவில்லை என்றார்கள். அன்று மாலை எங்கள் தெருவில் பேசியவர்கள் எல்லாரும் நீதிபதிகளைத் திட்டினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது; அது போக வேண்டிய விலாசம்தான் தவறு. அந்தச் சிறுமிக்குச் செலுத்த வேண்டிய முதல் மரியாதை, கேமராப் பெட்டியைக் கழற்றி முத்திரையிட்டு, சான்றிதழோடு நீதிமன்றத்தில் சேர்ப்பது. அதைச் செய்யாமல் விட்ட நாளில் யாரும் திட்டவில்லை, ஏனென்றால் அந்த நாள் எந்தச் செய்தியிலும் வரவில்லை.

வழக்குகளைத் தொடர்ந்து படிப்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். கைது நாளில் ஒரு பக்கம், தீர்ப்பு நாளில் ஒரு பக்கம் என்று படிக்கிறோம். வழக்கு வாழ்வதும் சாவதும் நடுவில் உள்ள வாய்தாக்களில். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வராத சாட்சி, வந்தும் வாய் திறக்காத சாட்சி, கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வெற்றுத்தாளில் போட்டேன் என்று சொல்லும் மகசர் சாட்சி. பெரும்பாலான கொலை வழக்கு விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில் நடப்பவை. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நான் போன நாட்களில் பின்வரிசை பெஞ்சு எப்போதும் காலியாகவே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கத்தில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் நிற்பார்கள். சாட்சி சொல்ல வந்த பெண்ணோடு ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018ஐ அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் சட்டமாகவே நடப்புக்குக் கொண்டுவந்தது. மாவட்ட அளவில் விண்ணப்பிக்கலாம். புதுக்கூரைப்பேட்டையின் 36 பேரில் சிலருக்காவது அது அன்று இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

2024 ஜூலைக்குப் பிறகு ஒரு மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோவில் பதிவு செய்வது இப்போதே கட்டாயம். முள்ளுக்காட்டில் இனி கிராம நிர்வாக அலுவலரோடு ஒரு செல்போனும் நிற்கும். பொட்டலம் கட்டுவது, அரக்கு உருகுவது, சீல் பதிவது, கையெழுத்து விழுவது எல்லாம் அதில் ஏறும். பிறகு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு எல்லாரும் ஜீப்பில் ஏறுவார்கள். அந்தப் பதிவு அன்றிரவு எந்த மேசை டிராயரில் இருந்தது, மறுநாள் யார் கையால் நகல் எடுக்கப்பட்டது என்று நான்கு வருடம் கழித்து ஒரு வக்கீல் எழுந்து நின்று கேட்பார். அதற்கான பதிலை எழுதி வைக்க வேண்டிய நாள் அன்றுதான், ஜீப் கிளம்புவதற்கு முன்.